ஒரே நுரையீரல் நோய்: அப்பாவிடம் எடையைக் கூட்டச் சொல்கிறார்கள், அத்தையிடம் குறைக்கச் சொல்கிறார்கள்

மருதநிலம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நுரையீரல் நோயாளிகள் இருவர் இருக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 67. இளமையில் காசநோய் வந்து மாத்திரைகளை முழுமையாகச் சாப்பிட்டுக் குணமடைந்தவர். ஆனாலும் பீடியை விட்டது அண்மையில்தான். அவருடைய அக்காவான என் அத்தை புகையிலையைத் தொட்டதே இல்லை. கல்யாணமாகி வந்த நாள்முதல் எரிவாயு அடுப்பு வரும்வரை, சன்னல் இல்லாத அடுக்களையில் விறகும் வறட்டியும் எரித்துச் சமைத்தவர். இருவருக்கும் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்து, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி. என்று சொல்லியிருக்கிறார்கள்.

அப்பாவின் உயரம் 165 செ.மீ. சென்ற தீபாவளியின்போது 54 கிலோ இருந்தவர் இப்போது 47 கிலோ. இரவில் நாலு கவளம் உள்ளே போவதற்குள் தட்டை நகர்த்திவிட்டு, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றியபடி மூச்சு வாங்குகிறார். 'பசி இருக்கிறது, சாப்பிடத்தான் முடியவில்லை' என்று அவர் சொல்லும்போது எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அத்தையின் உயரம் 152 செ.மீ., எடை 76 கிலோ. மாடிப்படி நான்கு ஏறினாலே நின்றுவிடுகிறார்.

மருத்துவர் அப்பாவிடம் எடையைக் கூட்டியே ஆகவேண்டும் என்றும், அத்தையிடம் எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்றும் ஒரே நாளில் சொல்லி அனுப்பினார். கூட்டம் அதிகமாக இருந்ததால் காரணம் கேட்க முடியவில்லை. இதற்கிடையில், சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் பருமனானவர்களே அதிக நாள் வாழ்கிறார்கள் என்று எங்கோ படித்த தம்பி, அத்தையை ஏன் பட்டினி போடுகிறாய் என்று கேட்கிறான். உறவினர்களோ, பால், தயிர், வாழைப்பழம் மூன்றும் சளியைக் கூட்டும் என்று சொல்லி இருவருக்கும் அவற்றை நிறுத்தச் செய்துவிட்டார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பொருநை எழுதியது:

சகோதரி, நான் நெஞ்சக நோய் மருத்துவர். உங்கள் மருத்துவர் சொன்ன இரண்டு அறிவுரைகளுமே சரியானவை. இருப்பினும், அப்பாவுக்கு எதை ஊட்டலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஓராண்டுக்குள் தாமாகவே 7 கிலோ, அதாவது ஏறக்குறைய 13 விழுக்காடு எடை குறைந்திருப்பதை, 'சி.ஓ.பி.டி. வந்தால் இளைக்கத்தான் செய்யும்' என்று விட்டுவிடக் கூடாது. முன்பே காசநோய் வந்தவர் என்பதால் அது மீண்டும் வந்திருக்கிறதா என்று சளியைச் சிபிநாட் என்ற, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். நீண்ட காலம் பீடி பிடித்தவர் என்பதால் மார்புப் படமும், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் எடுத்து நுரையீரல் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். சர்க்கரையையும் தைராய்டையும் ஒரே இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். இவையெல்லாம் அரசு மருத்துவமனையிலேயே கிடைப்பவை. இந்த வாரமே செய்யுங்கள்.

அவை ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான், நோயே எடையைத் தின்கிறது என்று கொள்ள வேண்டும். அது எப்படி நிகழ்கிறது என்றால், அடைப்பு முற்றிய நுரையீரலில் உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வராமல் தங்கிவிடுவதால், நெஞ்சு எப்போதும் ஊதிய நிலையில் இருக்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குவிந்திருக்க வேண்டிய மூச்சுத் தசையான உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. நமக்கு உழைப்பென்றே தோன்றாத மூச்சு, அவருக்கு நாள் முழுவதும் ஓயாத உடலுழைப்பாக மாறிவிடுகிறது. செலவு இப்படி ஏறும்போது வரவு குறைகிறது. கீழே தள்ளப்பட்ட உதரவிதானத்துக்கு அடியில் இரைப்பை விரிய இடமில்லாததால் கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் மூச்சின் தாளம் தடைப்படுவதால் திணறல் கூடுகிறது. நீங்கள் இரவில் பார்ப்பது இதைத்தான். இவற்றோடு, நுரையீரலில் தொடங்கிய அழற்சி உடல் முழுவதும் பரவித் தசையைக் கரைக்கவும் செய்கிறது.

மருந்துகளையும் ஒருமுறை சரிபாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் வகை மாத்திரைகள் சிலருக்குக் குமட்டலை உண்டாக்கிப் பசியைக் கெடுக்கும். ரோஃப்ளுமிலாஸ்ட் என்ற மாத்திரை எடையையே குறைக்கக்கூடியது. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்த பின் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெண்படலம் படிந்து சாப்பாடு ருசிக்காது. அவர் வாயைத் திறந்து காட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சான்றுகள் வலுவானவை. டென்மார்க்கில் 1976இல் தொடங்கிய கோபன்ஹேகன் நகர இதய ஆய்வில், மூச்சுக்குழாய் அடைப்பு இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிட்ட முடிவு, எடை குறைந்தவர்களே கூடுதலாக இறந்தார்கள் என்றும், நோய் கடுமையாக இருந்தவர்களிடம் இந்தத் தொடர்பு மிக வலுவாக இருந்தது என்றும் காட்டியது. 2004இல் செல்லி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய போடி குறியீடு, சி.ஓ.பி.டி. நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்க நான்கு அளவைகளை எடுத்துக்கொள்கிறது: ஊதும் அளவு, மூச்சிரைப்பு, ஆறு நிமிட நடை, இவற்றோடு பி.எம்.ஐ., அதாவது கிலோ கணக்கிலான எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். அந்த பி.எம்.ஐ. 21 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே ஆபத்துப் புள்ளி ஒன்று சேர்ந்துவிடும். உங்கள் அப்பா 54 கிலோ இருந்தபோதே 19.8, இப்போது 17.3. ஆகவே சென்ற தீபாவளிக்கு முன்பே அவர் மெலிந்துதான் இருந்திருக்கிறார்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

மருத்துவர் ஐயா அப்பாவைப் பற்றி விளக்கிவிட்டதால், தம்பியின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மருத்துவப் புள்ளியியல் என் துறை. பருமனான சி.ஓ.பி.டி. நோயாளிகள் அதிக நாள் வாழ்வதாகப் பல ஆய்வுகளில் தென்படுவது உண்மைதான். ஆங்கில மருத்துவ இதழ்கள் அதைப் பருமன் முரண் என்றே குறிப்பிடுகின்றன. தம்பி பொய் எதையும் படித்துவிடவில்லை. ஆனால் 'பருமனானவர் அதிக நாள் வாழ்ந்தார்' என்பதற்கும் 'பருமன் அவரை வாழவைத்தது' என்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது.

நோய் முற்றியவர் இளைக்கிறார், பிறகு இறக்கிறார். ஒரு குறிப்பிட்ட நாளில் எல்லோரையும் எடைபோட்டுவிட்டு, பத்தாண்டு கழித்து யார் இருக்கிறார் என்று பார்த்தால், மெலிந்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள். அங்கே மெலிவு என்பது நோயின் கடுமைக்கு அடையாளமாக நிற்கிறது. அந்தக் கணக்கில் பருமனுக்குக் கிடைத்த நற்பெயரில் பெரும்பகுதி மெலிந்தவர்களின் கெட்ட நிலையால் வந்தது. அடுத்து, பருமனானவருக்குத் தொப்பையாலும் மூச்சு வாங்கும் என்பதால் நுரையீரல் அதிகம் கெடும் முன்பே மருத்துவரிடம் வந்துவிடுகிறார். ஊதும் பரிசோதனையிலும் பருமனே அளவைச் சற்றுக் குறைத்துக் காட்டுவதால், அவருடைய நோய் இருப்பதைவிடக் கடுமையானதாகப் பதிவாகிவிடலாம். இந்த மூன்றையும் கழித்த பின்னும் ஓரளவு நன்மை எஞ்சக்கூடும். ஏனெனில் வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளி, நுரையீரல் அளவுமீறி ஊதுவதைக் கொஞ்சம் தடுக்கிறது.

ஆனால் அதே கோபன்ஹேகன் முடிவைக் கூர்ந்து படித்தால், எடை கூடக்கூட ஆபத்து குறைந்தது நோய் கடுமையாக இருந்தவர்களிடம்தான் என்பது விளங்கும். லேசான, நடுத்தர அடைப்பு உள்ளவர்களில் இயல்பான எடையோ அதற்குச் சற்று மேற்பட்ட எடையோ இருந்தவர்களே நல்ல நிலையில் இருந்தார்கள். உங்கள் அத்தையின் பி.எம்.ஐ. 32.9. இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே பருமன் என்று நம் மருத்துவர்கள் கொள்கிறார்கள். அவருடைய ஊதும் அளவு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு குறைக்கலாம் என்று சொல்ல முடியும். இறப்புக் கணக்கு ஒருபுறம் இருக்க, நான்கு படி ஏறி நின்றுவிடும் ஒருவருக்கு இன்றைய வாழ்க்கையும் முக்கியம் அல்லவா? ஒவ்வொரு படிக்கும் 76 கிலோவைத் தூக்குகிறார் அவர்.

வெண்ணாறு எழுதியது:

நான் உணவியல் ஆலோசகர். முதலில் பால், தயிர், வாழைப்பழத்தைத் திரும்பக் கொடுங்கள். இந்த மூன்றையும் நிறுத்திவிட்டு எலும்பும் தோலுமாக வந்து நிற்கும் நோயாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் பதைக்கிறது. பால் உமிழ்நீரோடு கலந்து தொண்டையில் கொழகொழப்பான உணர்வைத் தருவதால் சளி கூடிவிட்டதாகத் தோன்றுகிறது. நுரையீரலில் சுரக்கும் சளியின் அளவைப் பால் கூட்டுவதில்லை. குளிர்ந்த பால் இருமலைத் தூண்டினால் வெதுவெதுப்பாகக் கொடுங்கள். குடித்த பின் ஒரு மிடறு வெந்நீர் கொடுத்தால் அந்த உணர்வும் போய்விடும்.

சோறு கரியமில வாயுவை உண்டாக்கும், ஆகவே அரிசியே கூடாது என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாவுச்சத்து எரியும்போது கொழுப்பு எரிவதைவிடக் கூடுதலான கரியமில வாயு உண்டாவது உண்மை. ஆனால் தேவைக்கு மிஞ்சித் திணிக்கும்போதுதான் அது தொல்லையாகும். அளவாகச் சாப்பிடும் வீட்டு நோயாளிக்கு அந்தப் பயம் வேண்டாம்.

உங்கள் அப்பாவுக்குக் குறைவது பெரும்பாலும் புரதம்தான். மெலிந்துவரும் நுரையீரல் நோயாளிக்கு நாளொன்றுக்கு, ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 47 கிலோவுக்கு அது 56 முதல் 70 கிராம். காலையில் மூன்று இட்லியும் மதியமும் இரவும் ரசச்சோறும் சாப்பிடுகிறவருக்கு அதில் பாதி சேர்வதே அரிது. இரண்டு முட்டையில் 12 கிராம், 400 மி.லி. பாலில் 13 கிராம், ஒரு கோப்பைக் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறத்தாழ 12 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விலை உயர்ந்த புரத மாவு டப்பா இல்லாமலே தேவை நிறைந்துவிடுகிறது. சுண்டல் மெல்லச் சிரமமாக இருந்தால் மசித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைப் போலவே எப்படிக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். மூன்று வேளையை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துவிடுங்கள். மூச்சு நன்றாக இருக்கும் காலை நேரத்தில் கனமானதையும், திணறல் கூடும் இரவில் பால்கஞ்சி, நெய் விட்டுக் குழைத்த பருப்புச்சோறு போன்ற மெல்லும் வேலை இல்லாததையும் வையுங்கள். சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு எந்த வேலையும் செய்யாமல் ஓய்வெடுக்கட்டும். மேசையில் முழங்கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தால் மூச்சு இலகுவாகும். தண்ணீரைச் சாப்பாட்டுக்கு முன்னால் குடித்து வயிற்றை நிரப்பிவிடாமல் பிறகு குடிக்கட்டும். வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுவதால் சின்ன அளவிலேயே அதிக ஆற்றல் சேர வேண்டும். இட்லிப்பொடிக்கு ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டாலே ஏறத்தாழ 120 கலோரி கூடுகிறது.

அத்தைக்கு இதே புரதம் வேண்டும். எண்ணெயும் இனிப்பும் நொறுக்குத் தீனியும் சோற்றின் அளவும் மட்டும் குறைய வேண்டும். பட்டினி கிடந்து குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும்.

மருதநிலம் எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அப்பாவின் சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். காசநோய்க் கிருமி இல்லை என்று வந்திருக்கிறது. மார்பு ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். வெண்ணாறு அவர்கள் சொன்னபடியே சாப்பாட்டை மாற்றினேன். இந்த ஒரு வாரத்திலேயே 47 கிலோ 49.5 ஆகிவிட்டது. அத்தைக்கும் எனக்கும் பிடிபடாத சந்தோஷம். அப்பா மட்டும் செருப்பு இறுக்குகிறது என்கிறார். இனி இருவரையும் நடக்க வைக்கலாமா? நடந்தால் அப்பாவுக்கு ஏறிய எடை மறுபடியும் இறங்கிவிடாதா?

பொருநை எழுதியது:

சகோதரி, செருப்பு இறுக்குகிறது என்ற ஒரு சொல்லுக்காகவே உடனே எழுதுகிறேன். ஒரு வாரத்தில் இரண்டரைக் கிலோ சதையாக ஏறாது. அப்பாவின் கணுக்காலுக்கு மேலே, முன்காலின் எலும்பின் மீது கட்டைவிரலைச் சில நொடிகள் அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால், ஏறிய எடை நீர். நுரையீரல் நோய் முற்றும்போது, அதன் வழியாக இரத்தத்தைத் தள்ளும் இதயத்தின் வலப்பக்கம் களைத்துக் காலில் நீர் தேங்கும். புரதக் குறைவாலும் நீர் கோக்கலாம். நாளை காலையே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். இரவில் திணறல் கூடினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ காலைவரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

அத்தையிடம் ஒன்று கேளுங்கள்: உரக்கக் குறட்டை விடுகிறாரா, காலையில் தலைவலியோடு எழுகிறாரா, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாரா? பருமனோடு தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயும் சேர்ந்தால், இரவில் ஆக்சிஜன் மிகவும் இறங்கிவிடும். அவருக்கு எடையைக் குறைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தூக்கப் பரிசோதனை தேவையா என்று அப்பாவோடு போகும்போதே கேட்டுவிடுங்கள்.

செங்காந்தள் எழுதியது:

நான் இயன்முறை மருத்துவர். அப்பாவின் கால் வீக்கத்துக்கு மருத்துவர் வழிசொல்லி, பயிற்சி செய்யலாம் என்று அனுமதித்த பிறகு தொடங்கவேண்டியதை எழுதுகிறேன்.

கோபன்ஹேகனிலிருந்தே 2006இல் வந்த இன்னோர் ஆய்வில், பி.எம்.ஐ. இயல்பாக இருந்தும் கொழுப்பு நீங்கலான உடல் நிறை குறைந்திருந்த நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் கூடியிருந்தது தெரிந்தது. எடைக்கருவி காட்டும் எண்ணுக்குள் தசையும் கொழுப்பும் நீரும் சேர்ந்தே இருக்கின்றன. நமக்கு வேண்டியது தசை. உணவு மட்டும் கொடுத்து உட்கார்த்தி வைத்தால் ஏறுவதில் பெரும்பகுதி கொழுப்பாகிவிடும். உணவில்லாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் இருக்கும் தசையும் கரையும். ஆகவே நடந்தால் எடை இறங்குமா என்ற உங்கள் கவலை நியாயமானது. சாப்பாடு கூடியிருக்கும்போது பயிற்சியும் கூடினால் அந்த ஆபத்து இல்லை.

அப்பாவுக்கு நடையைவிட முதலில் தசை வலுவூட்டும் பயிற்சி நல்லது. ஏனெனில் அதில் மூச்சு குறைவாகவே வாங்கும். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது ஆகிய இரண்டிலிருந்து தொடங்கலாம். எழும்போது உதட்டைக் குவித்து, விசில் அடிப்பதுபோல் மெதுவாகக் காற்றை வெளியே விடச் சொல்லுங்கள். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, ஆக்சிஜன் மருத்துவர் சொன்ன அளவுக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். அருகில் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி நடத்தும் மருத்துவமனை இருந்தால் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

அத்தைக்கும் இதே வலுவூட்டும் பயிற்சிதான், கூடவே நடையும். ஆஸ்திரேலியாவில் 2016இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், பருமனான சி.ஓ.பி.டி. நோயாளிகள் 12 வாரம் கலோரியைக் குறைத்துச் சாப்பிட்டபடியே தசைப் பயிற்சியும் செய்தபோது, எடை இறங்கியும் தசை குறையாமல் நின்றது. மூன்று மாதத்தில் நான்கைந்து கிலோ இறங்கினாலே படியேறும்போது அவருக்கு வித்தியாசம் தெரியும்.

தசையை வீட்டிலேயே கவனிக்கத் தையல் நாடா போதும். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு எடுத்தால், நம் ஆசிய அளவுகோல்படி ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. என்ற அளவுக்குக் கீழே போவது தசை குறைந்திருக்கலாம் என்பதற்கு அறிகுறி. அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கும்வரை அந்த அளவை நம்ப முடியாது. அதுவரை மேற்கையின் நடுவில் சுற்றளவு எடுத்து வாருங்கள். எடை பார்ப்பதென்றால் வாரம் ஒருமுறை, ஒரே கருவியில், காலையில் கழிவறை போய்வந்த பின் சாப்பிடுவதற்கு முன் பாருங்கள். நோட்டில் எடையை எழுதும்போது பக்கத்திலேயே கால் வீக்கம் உண்டா இல்லையா என்பதையும், கைதாங்காமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்தார் என்பதையும் குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள்.